ஸ்டாப் ரூம் பிரிந்து கிடக்கிறதா? அதிபர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆசிரியர்களுக்குள் பிரிவினை என்று கதை வந்தால், அதிபர்களுக்கு முதலில் தோன்றுவது ஒரு சுற்றுலா, இல்லாவிட்டால் ஒரு மதியச் சாப்பாடு. பாசிக்குடாவுக்கோ அறுகம்குடாவுக்கோ போய்க் குளித்து, பாட்டுப் பாடி, படம் எடுத்துத் திரும்புவார்கள். திங்கட்கிழமை காலையில், வராத ஆசிரியரின் வகுப்புக்கு யார் போவது என்று எழுதும் ரிலீப் புத்தகம் ஒரு சுற்று வந்ததும் பழைய முகங்கள் திரும்பிவிடும்.

சுற்றுலா கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர்களின் மனம் உடைவது பெரும்பாலும் கடதாசியில்தான்: நேரசூசியில், ரிலீப் புத்தகத்தில், கடமைப் பட்டியலில். அங்கே அநியாயம் இருக்கும்வரை ஒற்றுமை பற்றிய பேச்சு எரிச்சலைத்தான் கூட்டும். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் படிப்பித்து, பிறகு நிர்வாகத்திலும் இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்.

ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னரும் ஒரு வேலை செய்யுங்கள். போன தவணையின் அந்த மூன்று கடதாசியையும் ஒரே மேசையில் விரித்து, ஒவ்வொரு ஆசிரியரின் பெயருக்கு நேரேயும் எண்ணி எழுதுங்கள். எத்தனை ரிலீப்? வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடம் யாருக்கு? தொடர்ந்து மூன்று பாடம் யாருக்கு? எத்தனை விழாப் பொறுப்பு? இந்த வேலையைப் பிரதி அதிபரிடம் கொடுத்துவிட வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே எண்ணுங்கள். சில பெயர்களுக்கு நேரே வரும் எண்ணிக்கை உங்களையே திடுக்கிட வைக்கும். அந்த ஆசிரியர்கள் இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்தது இன்னும் அதிகமாகத் திடுக்கிட வைக்கும்.

அறிகுறி: ரிலீப் புத்தகம் வந்தால் முகம் மாறுகிறது

காலை 7.45. சிற்றூழியர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஸ்டாப் ரூமுக்குள் வருகிறார். ஒரு டீச்சர் கொப்பி திருத்துவதை நிறுத்தாமல், தலையும் நிமிர்த்தாமல் கேட்கிறார்: "இண்டைக்கும் எனக்குத்தானா தம்பி?" அவர் ஒன்றும் சொல்லாமல் இடத்தை விரலால் காட்டுகிறார். டீச்சர் கையொப்பம் வைக்கிறார். பேனை அழுத்திய அழுத்தத்தில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுகிறது. அந்தத் தடத்தை வாசிக்கத் தெரிந்த அதிபருக்குப் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, ரிலீப் போடுபவர் யாரைத் தேடிப் போகிறார் என்பதை. வாக்குவாதப்படாதவரைத்தான் தேடிப் போவார். அது மனித இயல்பு. சித்திரம், சங்கீதம், நடனம், உடற்கல்வி ஆசிரியர்களையும் நூலகப் பொறுப்பாளரையும் "சும்மா இருக்கிறவர்" என்று கணக்கெடுக்கும் பழக்கமும் நம் பாடசாலைகளில் ஆழமாக இருக்கிறது. சங்கீத ஆசிரியரின் ஓய்வுப் பாடவேளையும் ஓய்வுப் பாடவேளைதான். அந்த நேரத்தில்தான் அவர் கலைவிழாவுக்கு வில்லுப்பாட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

சரிசெய்வது இப்படி. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆளாளிடம் போவதை நிறுத்துங்கள். ஸ்டாப் ரூம் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்: இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் கிழமைகள், உள்ளே ரிலீப் எண்ணிக்கை. முறை யாருக்கோ அவருக்கே அடுத்தது. ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு ஓய்வுப் பாடவேளையையாவது தொடாமல் விடுவது என்று எழுதி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கோ சுகமில்லாதவர்களுக்கோ விலக்குக் கொடுப்பதானால், அவர்களைக் கேட்டுக்கொண்டு எல்லோருக்கும் தெரியச் சொல்லுங்கள். காரணம் தெரியாத சலுகைக்குத்தான் காரணம் கற்பிப்பார்கள்.

அடுத்தது ரிலீப் பெட்டி. பாடவாரியாகப் பயிற்சித் தாள்கள் போட்ட ஒரு பெட்டி அலுவலகத்தில் இருக்கட்டும். முன்கூட்டியே லீவு தெரிந்தவர் தன் வகுப்புக்கான வேலையை அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வெறுங்கையோடு தரம் 9க்குள் போய் நாற்பது பிள்ளைகளை அடக்கிக்கொண்டு நிற்பதுதான் ரிலீப்பைத் தண்டனையாக்குகிறது. கையில் ஒரு வேலை இருந்தால் அதே பாடவேளை ஓடிவிடும்.

அடிக்கடி லீவு எடுப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்தில் பெயர் சொல்லாமல் "சில பேர்" என்று குத்திக்காட்ட வேண்டாம். எல்லோருக்கும் ஆள் தெரியும். அவமானம் மட்டும்தான் மிஞ்சும். தனியே கூப்பிட்டு இருத்திக் கதையுங்கள். படுக்கையில் கிடக்கும் தாய், பார்க்க ஆளில்லாத சின்னப் பிள்ளை, காலையில் ஓடாத பஸ் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் வெளியே வரும். முதல் பாடத்தை இரண்டாம் பாடமாக மாற்றியதும் நின்றுபோன லீவுகள் உண்டு.

இவ்வளவு செய்தும் முணுமுணுப்பு ஓயவில்லையென்றால், ரிலீப் போடும் பொறுப்பையே மாதம் ஒரு பகுதித் தலைவருக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள். அந்தக் கதிரையில் ஒரு மாதம் இருந்தவர் பிறகு அதைப் பற்றிப் பேசும் தொனியே வேறு.

அறிகுறி: கூட்டத்தில் மௌனம், கூட்டம் முடிந்ததும் மாமரத்தடியில் இன்னொரு கூட்டம்

மாமரத்தடிக் கூட்டத்தைக் கலைக்க முயல வேண்டாம். அங்கேதான் உண்மை பேசப்படுகிறது. அந்தப் பேச்சு ஏன் உள்ளே வரவில்லை என்று பாருங்கள்.

முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். 1.30க்கு மணி அடித்த பிறகு கூட்டம் வைத்தால், வாசலில் வான் எஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் வருகிறவர்களின் பாடு எவ்வளவோ குறைந்தது உண்மைதான். ஆனால் வெல்லாவெளியிலிருந்து, வாகரையிலிருந்து, பொத்துவிலிலிருந்து வீடு திரும்புகிறவருக்கு ஒரு பஸ் தவறினால் பின்னேரமே போய்விடும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (மிதவைப் படகில்) ஏறுகிறவருக்குத் தண்ணீரும் காற்றும் கணக்கு. வாய் திறந்தால் கூட்டம் நீளும் என்று தெரிந்த மனிதர் எப்படி வாய் திறப்பார்?

கூட்டத்தை அரை மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். பேசப்போகும் விடயங்களை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள். சுற்றறிக்கை வாசிப்பதற்குக் கூட்டம் வேண்டாம். அதை வாசித்துக் கையொப்பமிடக் கொடுத்தால் போதும். கருத்துக் கேட்கும்போது ஆகக் குறைந்த சேவைக் காலம் உள்ளவரிடமிருந்து தொடங்குங்கள். மூத்த சேர் ஒருவர் முதலில் சொல்லிவிட்டால், அதற்கு மாறாக இருபத்தாறு வயது ஆசிரியை வாய் திறக்க மாட்டார். அது பயத்தால் அல்ல, மரியாதையால். அந்த மரியாதையைக் கெடுக்காமல் அவருடைய கருத்தை எடுக்க வேண்டுமானால் முறையை மாற்றத்தான் வேண்டும்.

தவணைக்கு ஒரு தீர்மானத்தையாவது உண்மையாகவே அவர்களிடம் விடுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எந்தத் திகதி, இடைவேளைக் கடமையை எப்படிப் பங்கிடுவது என்பது போன்ற ஒன்று. உங்கள் மனதில் வேறு முடிவு இருந்தாலும் அவர்கள் எடுத்ததையே செய்யுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் விடயமும் "போன முறை தீர்மானித்தது என்ன ஆயிற்று?" என்பதாக இருக்கட்டும்.

1990களில் சிக்காகோ நகரத்து ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்த அந்தனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும், பாடசாலைக்குள் நம்பிக்கை நான்கு விடயங்களில் நிற்கிறது என்றார்கள்: மரியாதை, ஆளுக்கு ஆள் காட்டும் அக்கறை, தொழில் திறமை, சொன்னதைச் செய்யும் நேர்மை. நம் பக்கத்து அதிபர்களுக்கு முதல் இரண்டும் தாராளமாக உண்டு. ஆசிரியர் வீட்டுச் செத்த வீட்டுக்குப் போகாத அதிபரை இங்கே காண முடியாது. சறுக்குவது நாலாவதில்தான். "பார்ப்பம் சேர்" என்று சொல்லிவிட்டு அப்படியே மறந்துபோன சின்ன வாக்குறுதிகள் மாமரத்தடியில் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன.

அறிகுறி: உங்கள் அறைக்குள் ஒருவர் போய்வந்தால் மற்றவர்கள் கதையை நிறுத்துகிறார்கள்

உங்களுக்கு "காது" இருக்கிறது என்று நம்புகிறார்கள். உண்மையோ பொய்யோ, விளைவு ஒன்றுதான்.

இதற்கு ஒரே ஒரு விதி போதும்: இல்லாத ஆளைப் பற்றிய முறைப்பாட்டைக் கேட்பதில்லை. "அவரையும் கூப்பிடுவம், இதை மூண்டு பேருமா இருந்து கதைப்பம்" என்று சொல்லுங்கள். பாதி முறைப்பாடுகள் அந்த இடத்திலேயே எழும்பிப் போய்விடும். மீதிப் பாதி உண்மையிலேயே தீர்க்க வேண்டியவை.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் செய்தியை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். இடமாற்றம், பயிற்சி நெறி, புதிய வெற்றிடம் போன்றவை ஒருவருக்கு ஒரு நாள் முந்தித் தெரிந்தால்கூட அவர் "அதிபரின் ஆள்" ஆகிவிடுவார். அந்தப் பெயர் அவருக்கும் நல்லதல்ல.

அறிகுறி: புதிய ஆசிரியர் முதல் தவணையிலேயே இடமாற்றம் விசாரிக்கிறார்

தூரம் என்று எல்லோரும் சொல்வார்கள். தூரம் ஒரு காரணம்தான். ஆனால் அதே தூரத்தில் பத்து வருடம் மனதோடு படிப்பித்தவர்களும் அதே ஸ்டாப் ரூமில் இருக்கிறார்கள்.

தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரியை முடித்துவிட்டு வந்த பிள்ளையின் முதல் நாளை எண்ணிப் பாருங்கள். உட்காரக் கதிரை இல்லை. அலுமாரியில் தட்டு இல்லை. நேரசூசியில் மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய வகுப்புகள் எல்லாம் அவர் பெயரில். விளையாட்டுப் போட்டி வந்தால் வெயிலில் நிற்கும் வேலையும் அவருக்கு. "இளம் ஆள்தானே, செய்யட்டும்" என்ற சமாதானம் வேறு.

கதிரையும் தட்டும் அவர் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். கஷ்டமான வகுப்பு ஒன்று கொடுத்தால் நல்ல வகுப்பு ஒன்றும் கூடவே கொடுங்கள். ஒரே பாடத்தில் உள்ள மூத்தவர் ஒருவரை, அவரின் சம்மதத்தோடு, ஒரு தவணைக்குத் துணையாக விடுங்கள். பாடக்குறிப்புப் பார்க்க அல்ல, கேள்வி கேட்க ஆள் வேண்டுமென்பதற்காக. தங்க இடம், வான் இருக்கை, மத்தியானச் சாப்பாடு பற்றி அதிபரே வாய் திறந்து கேட்பது பெரிய விடயம். வீட்டை விட்டு முதல் தடவை வெளியே தங்குகிற பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வியே தெம்பு.

அறிகுறி: பெறுபேறு வந்த கிழமை ஆளை ஆள் பார்ப்பதில்லை

இதுதான் ஆழமான நோய். மற்றவற்றை ஒரு தவணையில் சரிப்படுத்தலாம், இதற்கு வருடங்கள் எடுக்கும்.

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வாசலில் பதாகை ஏறும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படம், அதற்குக் கீழே தரம் 5 ஆசிரியரின் பெயர். அந்தப் பிள்ளைகளுக்குத் தரம் 1இல் பென்சில் பிடிக்கப் பழக்கிய டீச்சர் அதே பதாகைக்குக் கீழால்தான் உள்ளே நடந்து வருகிறார். அடுத்த வருடம் பெறுபேறு விழுந்தால், அதே தரம் 5 ஆசிரியர்தான் தனியே நின்று ஏச்சு வாங்குவார். புகழைத் தனியாக வாங்கிய ஆள் பழியையும் தனியாகச் சுமக்க வேண்டி வருகிறது. பதாகை கட்டத்தான் வேண்டுமென்றால் தரம் 1 முதல் 5 வரை படிப்பித்த எல்லாப் பெயரையும் போடுங்கள், இடமாற்றத்தில் போனவர்களின் பெயரையும் சேர்த்து.

சாதாரண தரக் கணிதத்தில் சித்தி குறைந்தால் குற்றச்சாட்டு மேலிருந்து கீழே இறங்கும். தரம் 11 சேர், "ஆறாம் வகுப்பிலேயே பின்னம் விளங்கப்படுத்தேல்ல" என்பார். தரம் 6 டீச்சர், "ஆரம்பப் பிரிவில வாசிக்கவே பழக்கி அனுப்பேல்ல" என்பார். ஆரம்பப் பிரிவு, வீட்டைக் கை காட்டும். எல்லோரிடமும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் சண்டை முடிவதில்லை.

இதை வாயால் தீர்க்க முடியாது. விடைத்தாளால் தீர்க்கலாம். தவணைப் பரீட்சை விடைத்தாள்களில் ஒரு பத்தை எடுத்துப் பெயரை மறைத்து, தரம் 6, 9, 11 கணித ஆசிரியர்கள் மூவரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கும். மேலே உள்ளதையும் கூட்டிவிட்டது, கீழே உள்ளதையும் கூட்டிவிட்டது. பத்துத் தாளில் நாலில் அதே பிழை வந்தால் அது ஒரு பிள்ளையின் கவனக்குறைவாக இருக்க முடியாது. அப்போது தரம் 6 டீச்சர் மெதுவாகச் சொல்வார்: "அந்தப் பாடம் நடத்தேக்க வெள்ளம் சேர். ரெண்டு கிழமை பிள்ளைகள் வரேல்ல. பிறகு நான் ஓடிப் பிடிச்சிட்டன்." வடகீழ்ப் பருவமழை நம் மாவட்டங்களில் பாடத்திட்டத்தைத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த அலகைத் தின்றது என்பது அந்த மேசையில்தான் தெரிய வருகிறது. குற்றம் சாட்ட வந்த தரம் 11 சேர் அந்த இடத்தில் ஒரு கேள்வியோடு நிற்பார்: இனி இதை எங்கே சேர்த்துப் படிப்பிப்பது?

அந்தக் கேள்வி வந்துவிட்டால் அடுத்த படி. ஜப்பானியப் பாடசாலைகளில் நூறு வருடத்துக்கு மேலாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் படிப்பிப்பார், மற்றவர்கள் பின்னால் இருந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு சேர்ந்து பேசுவார்கள். பேச்சு பாடத்தைப் பற்றி, ஆசிரியரைப் பற்றி அல்ல. நம் வகுப்பறைக்குள் இன்னொருவர் வந்து பின்வாங்கில் இருந்தால் மேற்பார்வை என்று உடம்பு கூசும். அதனால் முதல் வகுப்பை நீங்களே திறந்துவிடுங்கள். அதிபர் படிப்பிக்கும் பாடத்தை ஆசிரியர்கள் பார்த்து, "சேர், அந்தக் கேள்விக்குப் பின்வாங்குப் பிள்ளைகள் ஒண்டும் விளங்காம முழிச்சதுகள்" என்று சொல்ல முடிகிற நாளில்தான் மற்றக் கதவுகள் திறக்கும்.

படிவம் அச்சடித்து, ஒவ்வொருவரும் மாதம் இரண்டு வகுப்புப் பார்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டால் எல்லாம் கெட்டுவிடும். கல்வி ஆய்வாளர் ஆண்டி ஹார்கிரீவ்ஸ் இதைத்தான் மேலிருந்து திணித்த செயற்கைக் கூட்டுறவு என்று எச்சரித்தார். படிவம் நிரம்பும், வகுப்பறை அப்படியே இருக்கும். விருப்பமுள்ள மூன்று பேரோடு தொடங்குங்கள். அவர்களுக்கு ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை வரும்படி நேரசூசியைத் திருத்திக் கொடுப்பதுதான் அதிபர் செய்ய வேண்டிய உதவி. மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அறிகுறி: விழாவென்றால் அதே ஐந்து பேர்

வாணி விழாவா, ஒளிவிழாவா, ஆசிரியர் தினமா, அதே முகங்கள்தான் ஓடித் திரியும். மற்றவர்கள் ஒத்துழைப்பதில்லை என்று அந்த ஐந்து பேரும் சொல்வார்கள். எங்களைக் கேட்பதில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். வருடத் தொடக்கத்திலேயே எல்லா விழாவையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தலைமை, துணை என்று இருவர் பெயரை அவர்களைக் கேட்டே எழுதுங்கள். தேநீர், பூத்தட்டு, வரவேற்பு எல்லாம் பெண் ஆசிரியர்களுக்கும் மேடை, ஒலிவாங்கி ஆண்களுக்கும் என்று போகிற பழக்கத்தை இந்தப் பட்டியலில் வைத்தே மாற்றிவிடலாம்.

அறிகுறி: வட்ஸ்அப் குரூப்பில் புகைச்சல்

அலுவலகச் செய்திக்கு ஒரு குரூப், அதில் அதிபரும் பிரதி அதிபரும் மட்டும் எழுதலாம். வாழ்த்து, பிறந்தநாள், அனுதாபம் எல்லாம் வேறு குரூப்பில். இரவு எட்டுக்குப் பிறகு வேலைச் செய்தி இல்லை. ஒருவரைத் திருத்த வேண்டுமென்றால் குரூப்பில் எழுத வேண்டாம், தொலைபேசியில் கதையுங்கள்.

அறிகுறி: தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் இரண்டு மேசையாக இருக்கிறார்கள்

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அதிகமாகவும் மட்டக்களப்பில் சில இடங்களிலும் இது வரும். இரண்டு மேசையாக இருப்பது மட்டும் நோயல்ல. சாப்பாடு, தொழுகை, பயண நேரம் என்று இயல்பான காரணங்கள் உண்டு. ஒரு மேசையின் கஷ்டம் மற்ற மேசைக்குத் தெரியாமலே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

வருட நாட்காட்டியை இரண்டு மேசையும் சேர்ந்து நிரப்பட்டும். நோன்பு மாதத்தில் வெயிலில் நிற்கும் மைதானக் கடமையைத் தமிழ் ஆசிரியர்கள் எடுப்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம் என்று வரும்போது மற்றவர்கள் ஈடு செய்வார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை அதிபர் உத்தரவாகப் போடாமல், நாட்காட்டியை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் அவர்களே சொல்வார்கள். பொதுச் சாப்பாட்டை எல்லோரும் தயக்கமில்லாமல் கை வைக்கக்கூடிய கடையிலிருந்து எடுங்கள். ஊரில் ஹர்த்தால், பதற்றம் என்று வந்தால் அன்றைக்குக் குரூப்பில் ஒரு விவாதமும் வேண்டாம். தூரத்திலிருந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக அழைத்து, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று கேளுங்கள்.

அறிகுறி: இருவர் வருடக்கணக்காகப் பேசுவதில்லை

பஞ்சாயம் வைக்க வேண்டாம். நம் ஊர்களில் ஒரே பாடசாலையில் மைத்துனர்களும் சம்பந்திகளும் ஒன்றாக வேலை செய்வது சாதாரணம். பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு காணி எல்லையாக இருக்கும், குழம்பிய கலியாணப் பேச்சாக இருக்கும், கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) தெரிவில் எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) முதலிடம் என்ற வழக்காக இருக்கும். அதிபர் கதிரையிலிருந்து அதைத் தீர்க்க முடியாது.

இருவரையும் தனித்தனியே சந்தித்து மூன்று விடயத்துக்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகள் முன்னால் ஒருவரை ஒருவர் குறைத்துப் பேசுவதில்லை. வேலை தொடர்பான செய்தியை எழுதியாவது கொடுப்பது. மற்ற ஆசிரியர்களைப் பக்கம் சேர்ப்பதில்லை. இந்த மூன்றும் நடந்தால் போதும், மிச்சத்தைக் காலத்திடம் விடலாம்.

இது ஒற்றுமைப் பிரச்சினையே அல்ல என்ற இடம்

ஒரு ஆசிரியர் இன்னொருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுக்கிறார், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணத்தில் கணக்கு உதைக்கிறது, யாரோ ஒருவர் பிள்ளையை அடித்துக் காயப்படுத்தியிருக்கிறார். இப்படி ஒன்று உங்கள் காதுக்கு வரும்போது "ஸ்டாப்புக்குள்ளேயே பேசித் தீர்ப்பம், பாடசாலைப் பெயர் கெட்டுப்போகும்" என்று அன்பான குரல்கள் எழும்பும். சொல்பவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். கேட்க வேண்டாம். நடந்ததைத் திகதி, நேரத்தோடு எழுதி, அன்றைக்கே வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அறிவியுங்கள். முறைப்பாடு சொன்னவரை அதே நாளிலிருந்து தனியே விடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளை சம்பந்தப்பட்டதென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். பெற்றோர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.